26–23: கப்ஸ், பில்லிஸ் 1922-ல் ஆடிய ஆட்டம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த ஆட்டம் இது?

1922 ஆகஸ்ட் 25, வெள்ளிக்கிழமை. சிகாகோவின் கப்ஸ் பார்க் மைதானம். உள்ளூர் அணியான சிகாகோ கப்ஸ் 26 ரன், வெளியூரிலிருந்து வந்த பிலடெல்பியா பில்லிஸ் 23 ரன். கூட்டினால் 49. அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் இரண்டு அணிகளும் சேர்ந்து ஒரே ஆட்டத்தில் எடுத்த அதிகபட்ச ரன் இதுதான். நூறு வருடம் தாண்டியும் யாரும் இதை நெருங்கிக் கடக்கவில்லை.

கேட்பவர்கள் பெரும்பாலும் 49 என்ற எண்ணைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கு இந்த ஆட்டத்தில் பிடித்த எண் வேறு. நான்கு இன்னிங்ஸ் முடிந்தபோது கப்ஸ் 25, பில்லிஸ் 6. பத்தொன்பது ரன் முன்னிலை. அந்த நிலையிலிருந்த அணி, கடைசி இன்னிங்ஸில் ஒரே ஒரு நல்ல அடி விழுந்தால் பின்தங்கிவிடும் என்ற இடத்துக்கு வந்து நின்றது. கீழே உள்ள பதில்களில் பாதி அதைப் பற்றியதுதான்.

49 ரன் என்ன பெரிய விஷயம்? கிரிக்கெட்டில் நாலு ஓவரில் அடித்துவிடுவார்களே?

அந்த ரன் வேறு, இந்த ரன் வேறு. பேஸ்பாலில் பேட்டர் பந்தை அடித்துவிட்டு முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ் எல்லாவற்றையும் தொட்டு, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தால்தான் ஒரு ரன். பாதி வழியில் நின்றால் கணக்கில் ஒன்றும் சேராது. ஒவ்வோர் அணிக்கும் ஒன்பது இன்னிங்ஸ். ஓர் இன்னிங்ஸில் மூன்று பேர் அவுட் ஆனால் அந்த இன்னிங்ஸ் முடிந்தது, அடுத்த அணி ஆட வரும். பேஸில் நிற்பவர்கள் நின்றபடியே திரும்ப வேண்டியதுதான்.

அதனால் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் நாலைந்து ரன் எடுத்தாலே சரியான ஆட்டம். ரன் தாராளமாக வந்த 1922-லும், இந்த இரண்டு அணிகளும் ஆடும் நேஷனல் லீக்கில் சராசரி ஓர் அணிக்கு 5 ரன்தான். பத்து ரன் எடுத்த அணி நிம்மதியாகத் தூங்கலாம். 23 ரன் எடுத்தும் தோற்ற அணியின் நிலைமையை இதை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னிங்ஸ் வாரியாக ஸ்கோர் என்ன?

பில்லிஸ்: 0, 3, 2, 1, 3, 0, 0, 8, 6 – மொத்தம் 23

கப்ஸ்: 1, 10, 0, 14, 0, 1, 0, 0 – மொத்தம் 26

கப்ஸுக்கு எட்டு எண்கள்தான் இருக்கின்றன, விட்டுப்போகவில்லை. உள்ளூர் அணி இரண்டாவதாக பேட் செய்யும். ஒன்பதாவது இன்னிங்ஸின் முதல் பாதி முடிந்தபோது அவர்களே முன்னிலையில் இருந்ததால், மறுபாதி ஆடத் தேவைப்படவில்லை.

இந்த இரண்டு வரிகளையும் கொஞ்சம் நின்று பாருங்கள். கப்ஸ் எடுத்த 26-ல் 24 ரன் இரண்டே இன்னிங்ஸில் வந்தது. மற்ற ஆறு இன்னிங்ஸையும் சேர்த்து இரண்டே ரன். நான்கில் பூஜ்யம். நாள் முழுக்க வெளுத்து வாங்கிய அணி என்று நினைத்தால் தப்பு. இரண்டு முறை மடை உடைந்தது, அவ்வளவுதான்.

அந்த இரண்டு இன்னிங்ஸில் அப்படி என்ன நடந்தது?

பில்லிஸுக்காக முதலில் பந்து வீசியவர் ஜிம்மி ரிங். இரண்டாவது இன்னிங்ஸில் பத்து ரன் கொடுத்த பிறகும் அவரையே தொடர விட்டார்கள். மூன்றாவதில் அவர் சுதாரித்து ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. நான்காவதில் ஓர் ஆளை அவுட் ஆக்கியதோடு சரி, மறுபடி சரிந்தது. அவர் மைதானத்தை விட்டுப் போனபோது அவர் கணக்கில் ஏறிய ரன் 16. அடுத்து வந்தவர் லெஃப்டி வைனர்ட். அவருக்கும் வரவேற்பு அதேதான். அந்த இன்னிங்ஸ் முடிவதற்குள் அவர் கணக்கிலும் 9 ரன் சேர்ந்துவிட்டது. இருவரும் சேர்ந்து அந்த இன்னிங்ஸில் மட்டும் கொடுத்தது 14.

அந்த நான்காவது இன்னிங்ஸில் மார்ட்டி காலஹன் என்ற கப்ஸ் வீரர் மூன்று முறை பேட் செய்தார். பேட்டிங் வரிசையில் ஒன்பது பேர் உண்டு. ஒரே ஆள் ஒரே இன்னிங்ஸில் மூன்றாவது முறை வர வேண்டுமென்றால் வரிசை இரண்டு சுற்று முழுசாகச் சுற்றி முடித்திருக்க வேண்டும். அந்த மூன்றில் அவருக்கு இரண்டு ஹிட் (பந்தை அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸ் சேர்வது), ஒரு ஸ்ட்ரைக் அவுட் (பந்தைச் சரியாக அடிக்க முடியாமலே மூன்று வாய்ப்பையும் இழந்து அவுட் ஆவது). இதில் வேடிக்கை, அன்று முழுக்க அவருக்குக் கிடைத்ததே அந்த இரண்டு ஹிட்தான். ஊரே ரன் மழையில் நனைந்தபோது அவருடைய மற்ற வாய்ப்புகள் காய்ந்தே போயின.

கப்ஸின் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், டோனி காஃப்மனுக்குப் பதிலாக பேட் செய்ய வந்த டர்னர் பார்பரின் கணக்கு இன்னும் விசித்திரம்: ஒரு ஹிட்கூட இல்லை, ஆனால் இரண்டு ரன்.

அப்படியானால் ஹோம் ரன் மழையா?

இல்லை. இந்த ஆட்டத்தைப் பற்றிப் பலரும் தப்பாக நினைத்துக்கொண்டிருப்பது இதைத்தான். 49 ரன் வந்த ஆட்டத்தில் மொத்தமே மூன்று ஹோம் ரன் (பேட்டர் ஒரே அடியில் எல்லா பேஸையும் சுற்றி வந்துவிடுவது). கப்ஸின் ஹாக் மில்லர் இரண்டு, பாப் ஓ'ஃபாரல் ஒன்று. பில்லிஸ் 23 ரன் எடுத்தது ஒரு ஹோம் ரன்கூட இல்லாமல்.

வேறு எப்படி ரன் வந்தது? ஹிட் 51: பில்லிஸ் 26, கப்ஸ் 25. ஆமாம், தோற்ற அணிக்குத்தான் ஒரு ஹிட் அதிகம். அப்புறம் 'வாக்' 21. பிட்சர் நான்கு பந்தைத் தப்பான இடத்தில் போட்டால் பேட்டர் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போகலாம், அதுதான் வாக். இதற்கு மேல் இரண்டு பக்கமும் பீல்டிங்கில் பந்தைத் தவற விட்டது, தப்பாக எறிந்தது எல்லாம் உண்டு. பிட்சர்கள் இலவசமாக ஆள் ஏற்றிவிட, பேட்டர்கள் சின்னச் சின்ன அடியில் அவர்களை வீடு சேர்க்க, பீல்டர்கள் தங்கள் பங்குக்கு உதவி செய்ய, ரன் சேர்ந்தது. மோசமாக ஆடப்பட்ட ஆட்டம் என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வர முடியாது. அதனால் சுவாரசியம் குறைந்துவிடவில்லை என்பது வேறு விஷயம்.

ஹாக் மில்லர் யார்?

கப்ஸின் இடப்பக்க அவுட்ஃபீல்டர். குட்டையான, அகலமான ஆள். தந்தை சர்க்கஸில் பலசாலி வித்தை காட்டியவர், மகனும் இரும்புக் கம்பியை வளைப்பது போன்ற வித்தைகளுக்குப் பேர் வாங்கியவர். மற்றவர்கள் தூக்கவே யோசிக்கும் கனமான மட்டைகளை வைத்து ஆடினார். அந்தப் பருவத்தில் அவருடைய பேட்டிங் சராசரி .352, அதாவது ஆயிரம் முயற்சிக்கு 352 ஹிட் என்ற விகிதம். இந்த ஆட்டத்தில் நான்கு ஹிட். இரண்டு ஹோம் ரன்னும் இரண்டு பேர் பேஸில் இருந்தபோது அடித்தது, அதாவது ஒவ்வொன்றும் மூன்று ரன். அன்று வித்தியாசமே மூன்று ரன்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த அடிகளின் மதிப்பு புரியும்.

அன்று யார் சிறப்பாக ஆடியது?

என் ஓட்டு கிளிஃப் ஹீத்கோட்டுக்கு. ஏழு முறை பேட் செய்ய வந்தார், ஏழு முறையும் பேஸ் ஏறினார். ஐந்து ஹிட், இரண்டு வாக். ஐந்து ரன் எடுத்தார். ஒருமுறைகூட அவரை அவுட் ஆக்க முடியவில்லை.

அவர் கப்ஸுக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. வந்த விதமும் சுவையானது. 1922 மே 30 அன்று கப்ஸும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸும் இதே மைதானத்தில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் ஆடின. முதல் ஆட்டத்தில் ஹீத்கோட் கார்டினல்ஸுக்கு ஆடினார், மேக்ஸ் ஃபிளாக் கப்ஸுக்கு ஆடினார். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே அணிகள் இவர்களை மாற்றிக்கொண்டன. இரண்டாவது ஆட்டத்தில் இருவரும் சீருடை மாற்றிக்கொண்டு எதிர் அணிக்கு ஆடினார்கள். காலையில் எதிரி, பிற்பகலில் நம்ம ஆள். முதல் ஆட்டத்தில் இருவருக்கும் ஹிட் இல்லை. மாறிய பிறகு ஃபிளாக்குக்கு ஒன்று, ஹீத்கோட்டுக்கு இரண்டு.

கப்ஸில் மூன்றாம் பேஸ் ஆடிய மார்ட்டி க்ரூக்கும் நான்கு ஹிட், நான்கு ரன். பில்லிஸ் பக்கம் ரஸ் ரைட்ஸ்டோன், கர்ட் வாக்கர் இருவருக்கும் நந்நான்கு ஹிட்.

25–6 என்று இருந்த ஆட்டம் எப்படி 26–23 ஆனது?

இரண்டு மேனேஜர்களுமே ஆட்டம் முடிந்துவிட்டது என்று முடிவு செய்ததால்தான் என்பது என் வாசிப்பு. ஸ்கோர்கார்டில் அது அப்பட்டமாகத் தெரிகிறது.

முதலில் கப்ஸ். மேனேஜர் பில் கில்லெஃபர். ஒரு காலத்தில் பில்லிஸின் கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்). 1917 முடிவில் பெரும் பிட்சரான குரோவர் அலெக்சாண்டரோடு சேர்த்து கப்ஸுக்கு அனுப்பப்பட்டவர். 19 ரன் முன்னிலை இருக்கும்போது முக்கியமான ஆட்களை வெயிலில் நிறுத்தி வைப்பானேன் என்று அவர் நினைத்திருந்தால் குறை சொல்ல முடியாது. அந்தப் பருவத்தில் .340 அடித்த ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் பீல்டர்) சார்லி ஹாலகர் வெளியே போனார், ஜான் கெல்லஹர் உள்ளே வந்தார். ஸெப் டெர்ரிக்குப் பதில் பார்னி ஃப்ரீபர்க். கேட்சர் ஓ'ஃபாரலுக்குப் பதில் அந்த வருடம்தான் பெரிய லீக்குக்கு வந்திருந்த கேபி ஹார்ட்னெட். இந்தப் பொடியன் பின்னாளில் பேஸ்பாலின் மிகப் பெரிய கேட்சர்களில் ஒருவராகி ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார் என்பது இருக்கட்டும், அன்று அவர் புதுமுகம்.

பிட்சர்களும் அப்படித்தான். காஃப்மன் நான்கு இன்னிங்ஸோடு போனார். ஜார்ஜ் ஸ்டூலண்ட் மூன்று இன்னிங்ஸில் மூன்று ரன் கொடுத்துச் சமாளித்தார். எட்டாவதில் கில்லெஃபர் யூயல் யூபாங்க்ஸை அனுப்பினார். மேஜர் லீக்கில் இவர் ஆடியதே மொத்தம் இரண்டு ஆட்டம். இரண்டு பேரை அவுட் ஆக்குவதற்குள் மூன்று ஹிட், மூன்று வாக். அடுத்து எட் மோரிஸ் வந்தார். மூன்றாவது அவுட்டை எடுப்பதற்குள் இன்னும் நான்கு ஹிட். அந்த இன்னிங்ஸில் பில்லிஸுக்கு எட்டு ரன். 26–9 என்று இருந்தது 26–17 ஆனது.

இப்போது பில்லிஸ் பக்கம். இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. அவர்களுடைய மேனேஜர் கைசர் வில்ஹெல்மும் தன் முதல்நிலை ஆட்களை உட்கார வைத்துவிட்டார். தோல்வி உறுதி, ஆட்களையாவது காப்பாற்றுவோம் என்ற கணக்கு. லீக்கின் பெரிய ஹோம் ரன் அடிப்பவர்களில் ஒருவரான சை வில்லியம்ஸ் போய் பெவோ லெபுர்வோ வந்தார். ஆர்ட் ஃபிளெச்சருக்குப் பதில் ஜிம்மி ஸ்மித். ராய் லெஸ்லிக்குப் பதில் கிளிஃப் லீ. கேட்சர் புட்ச் ஹென்லைனுக்குப் பதில் ஃபிராங்க் வித்ரோ. வெளியே போன நால்வரும் சேர்ந்து எடுத்தது நான்கு ரன். அவர்கள் இடத்தில் வந்த நால்வரும் எடுத்தது ஒன்பது ரன், ஒன்பது ஹிட். கிளிஃப் லீ மட்டும் மூன்று ஹிட், நான்கு ரன். (நம் காலத்தில் பில்லிஸுக்குப் பந்து வீசிய கிளிஃப் லீ வேறு ஆள்.)

ஆக, இரண்டு அணியின் பெரிய தலைகளும் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க, உபரி ஆட்கள் ஆடிய ஆட்டம்தான் அந்தக் கடைசிப் பகுதி. கைவிட்ட ஆட்டத்தை, கைவிட்டபோது உள்ளே அனுப்பப்பட்டவர்களே கிட்டத்தட்ட மீட்டுவிட்டார்கள்.

கடைசி இன்னிங்ஸில் என்ன ஆனது?

26–17. கப்ஸுக்கு இன்னும் மூன்று அவுட் போதும், ஒன்பது ரன் கையில் இருக்கிறது. பந்து வீச வந்தவர் எர்னஸ்ட் ஆஸ்போர்ன். ஆறடிக்கு மேல் நாலங்குலம் உயரம், பட்டப்பெயர் 'டைனி', அதாவது குட்டி. இவருக்கும் இது முதல் பருவம்தான்.

பில்லிஸ் விடவில்லை. ஒன்று, இரண்டு என்று ஏறி ஆறு ரன் வந்துவிட்டது. 26–23. இரண்டு பேர் அவுட். மூன்று பேஸிலும் ஆட்கள். இந்த நிலையில் ஒரு ஹோம் ரன் விழுந்தால் நான்கு ரன், 27–26 என்று பில்லிஸ் முன்னால் போய்விடும். நான்கு இன்னிங்ஸுக்கு அப்புறம் 19 ரன் பின்தங்கியிருந்த அணி!

மட்டையோடு வந்தவர் லெபுர்வோ. சை வில்லியம்ஸுக்குப் பதிலாக வந்து அதற்குள் மூன்று ஹிட் அடித்திருந்தவர். அன்று சூடாக இருந்த கை அது. ஆஸ்போர்ன் அவரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். ஆட்டம் முடிந்தது.

சை வில்லியம்ஸ் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. வில்லியம்ஸ் அந்த வருடம் 26 ஹோம் ரன் அடித்தவர், கேள்வி நியாயமானதுதான். ஆனால் அவரே ஆடியிருந்தால் லெபுர்வோவின் அந்த மூன்று ஹிட் இருந்திருக்காது. அன்று வில்லியம்ஸுக்கு மூன்று வாய்ப்பில் ஒரு ஹிட்கூட இல்லை. கடைசி வரை ஆட்டம் போயிருக்குமா என்பதே சந்தேகம்.

பில்லிஸ் ஏன் பிட்சரை மாற்றிக்கொண்டே இருக்கவில்லை?

26 ரன் கொடுத்த அணி பயன்படுத்தியது இரண்டே பிட்சர்களை. இன்றைய கண்ணுக்கு இது பைத்தியக்காரத்தனம். அந்தக் காலத்தில் ஆரம்பித்தவரே முடிப்பது வழக்கம், கடைசி ஓர் இன்னிங்ஸுக்கென்றே தனியாக ஆள் வளர்க்கும் பழக்கம் பின்னால் வந்தது. தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டத்தில் நாளைக்குத் தேவைப்படும் கையை வீணடிக்கவும் யாரும் விரும்பவில்லை. அதனால் வைனர்ட் கடைசி வரை நின்றார். நான்காவது இன்னிங்ஸுக்குப் பிறகு அவர் கொடுத்தது ஒரே ரன் என்பதையும் சொல்ல வேண்டும். பில்லிஸ் திரும்பி வர முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். போதாததற்கு பேட்டிங்கிலும் ஒரு ஹிட், இரண்டு ரன், ஒரு பேஸ் திருட்டு (அடி விழாமலே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது). தோற்ற பக்கத்தில் அன்று அதிகம் உழைத்த ஆள் அவராகத்தான் இருக்கும்.

வெற்றி எந்த பிட்சரின் கணக்கில் போனது?

காஃப்மன். நான்கு இன்னிங்ஸில் ஆறு ரன் கொடுத்தவர். இன்றைய விதிப்படி ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஐந்து இன்னிங்ஸாவது முடித்தால்தான் வெற்றி அவர் பெயரில் எழுதப்படும். அந்த விதி 1950-ல்தான் வந்தது. தோல்வி ரிங் பெயரில்.

எவ்வளவு நேரம் ஆடினார்கள்? கூட்டம் இருந்ததா?

3 மணி 1 நிமிடம். இரண்டு மணி நேரத்துக்குள் ஆட்டம் முடிந்துவிடும் காலத்தில் இது மிக நீளம். ஆனால் 2021-ல் சாதாரண ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டமே சராசரியாக 3 மணி 10 நிமிடம் ஓடியது! பந்து வீச நேரக் கட்டுப்பாடு 2023-ல் வந்த பிறகுதான் அது குறைந்தது. 49 ரன், 51 ஹிட், 21 வாக், ஏழு பிட்சர் எல்லாம் மூன்று மணி நேரத்தில் அடங்கியிருக்கிறது என்றால், அன்றைக்கு வீரர்கள் பந்துக்குப் பந்து சும்மா நின்றுகொண்டிருக்கவில்லை என்று அர்த்தம்.

கூட்டம் சுமார் 7,000 பேர். இரண்டு அணிகளுமே அந்த வருடம் கோப்பையை வெல்லவில்லை. பருவ முடிவில் எட்டு அணிகளில் கப்ஸ் ஐந்தாவது, பில்லிஸ் ஏழாவது.

கப்ஸ் பார்க் இப்போதும் இருக்கிறதா?

இருக்கிறது, ரிக்லி ஃபீல்டு என்ற பெயரில். 1914-ல் வேறொரு லீக்கின் அணிக்காகக் கட்டப்பட்டது. கப்ஸ் 1916-ல் குடிவந்தார்கள். அணியின் உரிமையாளர் சூயிங் கம் வியாபாரி வில்லியம் ரிக்லி. அவர் குடும்பப் பெயர் மைதானத்துக்குப் பிறகுதான் வந்தது. இன்று அதன் அடையாளமாக இருக்கும், சுவரில் படர்ந்த ஐவி கொடி 1937-ல் நட்டது, அதனால் 1922 ஆட்டத்தைக் கற்பனை செய்யும்போது வெறும் சுவராகவே வைத்துக்கொள்ளுங்கள். மின்விளக்கு 1988-ல்தான் வந்தது.

1920-களில் ரன் ஏன் கூடியது?

அதற்கு முந்தைய இருபது வருடம் பிட்சர்களின் ராஜ்யம். ஒரே பந்தையே அழுக்கேறி, தையல் தளர்ந்து, இருட்டில் கண்ணுக்குத் தெரியாத நிலை வரும்வரை பயன்படுத்துவார்கள். எச்சில் தடவி வீசுவதும் அனுமதிக்கப்பட்டிருந்தது. 1920 பருவத்துக்கு முன் எச்சில் பந்தைத் தடை செய்தார்கள், ஏற்கெனவே அதையே நம்பிப் பிழைத்த சிலருக்கு மட்டும் விலக்கு. அதே வருடம் ஆகஸ்டில் கிளீவ்லாந்தின் ரே சாப்மன் தலையில் பந்து பட்டு மறுநாள் இறந்தார். அதன்பிறகு அழுக்கான பந்தை உடனுக்குடன் மாற்றும் வழக்கம் வலுப்பட்டது. வெள்ளைப் பந்து கண்ணுக்குத் தெரியும், தெரிந்தால் அடி விழும். 1922-ல் செயின்ட் லூயிஸின் ரோஜர்ஸ் ஹார்ன்ஸ்பி .401 சராசரியோடு 42 ஹோம் ரன் அடித்தார்.

பேட்டர்களின் காலம் என்பது 49-ல் ஒரு பங்கைத்தான் விளக்கும். அதே பந்து, அதே விதியோடு அந்தப் பருவத்தில் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் நடந்தன, அவை எதிலும் இது நடக்கவில்லையே.

இதே அணிகள் இன்னோர் ஆட்டமும் இப்படி ஆடினவாமே?

ஆமாம். 57 வருடம் கழித்து, 1979 மே 17, அதே மைதானம். இந்த முறை பில்லிஸ் 23, கப்ஸ் 22, பத்து இன்னிங்ஸ். பில்லிஸுக்கு மறுபடியும் அதே 23, ஆனால் வெற்றி. அன்று பில்லிஸ் 21–9 என்று முன்னிலையில் இருந்தது, கப்ஸ் துரத்திப் பிடித்து 22–22 என்று சமன் செய்தது. பத்தாவதில் மைக் ஷ்மிட் அடித்த ஹோம் ரன் முடிவு கட்டியது. அங்கே ஹோம் ரன் பதினொன்று. கப்ஸின் டேவ் கிங்மன் மட்டும் மூன்று. காற்று வெளிப்பக்கம் வீசும் நாளில் அந்த மைதானம் அப்படித்தான். 1922-ல் மூன்றே ஹோம் ரன்னில் 49 வந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்த ஆட்டம் எவ்வளவு விநோதமானது என்று தெரியும்.

இதைவிட அதிக ரன் வேறெங்கும் வந்ததே இல்லையா?

எதைக் கணக்கில் எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1871-ல் பிலடெல்பியா அத்லெடிக்ஸ் 49, டிராய் 33 என்று ஓர் ஆட்டம் உண்டு. அது நேஷனல் அசோசியேஷன் என்ற பழைய அமைப்பில் நடந்தது, மேஜர் லீக் நிர்வாகம் அதைத் தன் கணக்கில் சேர்ப்பதில்லை. ஓர் அணி மட்டும் எடுத்த அதிகபட்சம் என்றால் 1897-ல் லூயிவில் அணிக்கு எதிராக 36. எடுத்தது யார்? இதே சிகாகோ அணிதான், அப்போது பெயர் கோல்ட்ஸ். ஒரே இன்னிங்ஸில் 18 ரன் என்ற 1883-ன் சாதனையும் இவர்களுடையதே. நவீன காலத்தில் 2007-ல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் பால்டிமோரை 30–3 என்று அடித்தது.

மேஜர் லீக்குக்குக் கீழ்நிலையான மைனர் லீக்கில் போனால் 1902 ஜூன் 15, டெக்சஸ். கார்சிகானா அணி டெக்சர்கானாவை 51–3 என்று தோற்கடித்தது. ஞாயிற்றுக்கிழமை கார்சிகானாவில் ஆட்டத்துக்குத் தடை என்பதால் பக்கத்து ஊரான என்னிஸில், வேலி மிகக் கிட்டத்தில் இருந்த ஒரு சின்ன மைதானத்தில் ஆடினார்கள். ஜே கிளார்க் என்ற 19 வயது கேட்சர் எட்டு ஹோம் ரன் அடித்ததாகப் பதிவு. அதே கிளார்க் பிறகு மேஜர் லீக்கில் ஒன்பது பருவம் ஆடி அடித்தது மொத்தம் ஆறு. வேலி எவ்வளவு கிட்டத்தில் இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்! 51–3 ஒருதலைப்பட்சம். எனக்கு 26–23தான் ஆட்டம்.

49 என்ற சாதனை எப்போதாவது உடையுமா?

நல்ல பிட்சர்களை வைத்து உடையாது. இப்போது ஒவ்வோர் அணியிலும் ஆட்டத்தின் நடுவில் இறக்க ஏழெட்டு ரிலீஃப் பிட்சர்கள் தயாராக இருக்கிறார்கள், சரியத் தொடங்கினால் உடனே மாற்றிவிடுவார்கள்.

ஒரு சந்து இருக்கிறது. சமீப காலமாக, கை மீறிப்போன ஆட்டங்களில் பிட்சர்களைக் காப்பாற்ற சாதாரண பீல்டர்களைப் பந்து வீச அனுப்புகிறார்கள். அவர்கள் போடும் மெதுவான பந்தில் ரன் கொட்டும். அது அளவு மீறியதால் 2023-ல் விதியை இறுக்கினார்கள்: தோற்கும் அணி எட்டு ரன்னாவது பின்தங்கியிருக்க வேண்டும், ஜெயிக்கும் அணி என்றால் ஒன்பதாவது இன்னிங்ஸில் பத்து ரன்னாவது முன்னிலை வேண்டும், கூடுதல் இன்னிங்ஸில் மட்டும் இந்த நிபந்தனை கிடையாது. இந்த விதியை 1922-ல் பொருத்திப் பார்த்தால், நான்காவது இன்னிங்ஸ் முடிந்த உடனேயே பில்லிஸ் ஒரு பீல்டரை அனுப்பியிருக்கலாம். கில்லெஃபரால் முடியாது. ஒன்பதாவது தொடங்கும்போது அவர் கையில் இருந்த முன்னிலை ஒன்பதுதான்.